எட்டணாவுக்கு எட்டுக் கடி

பல்துறைக் கூட்டாய்வு என்றால் இன்றைக்கு அதற்கென்று ஒரு சடங்குமுறை வந்துவிட்டது. கருத்தரங்கக் கூடம், குத்துவிளக்கு, வரவேற்புரை ஆற்ற வந்தவரை வரவேற்க இன்னொரு வரவேற்புரை. திரையில் ஒன்றையொன்று வெட்டிக்கொள்ளும் மூன்று வட்டங்கள்: உயிரியல், மருத்துவம், சுற்றுச்சூழல். மூன்றும் சேரும் நடுவிடத்தில் நிதி கொடுத்த அமைப்பின் சின்னம். சால்வை, குழுப்படம், மதியச் சாப்பாட்டு டோக்கன், புரிந்துணர்வு ஒப்பந்தம். அதன்பிறகு அவரவர் துறைக்குப் போய் அவரவர் கதவைச் சாத்திக்கொள்வார்கள்.

மனிதகுலம் நடத்திய கூட்டாய்வுகளில் உருப்படியான ஒன்றில் இவை எதுவும் கிடையாது. மலேரியா எப்படிப் பரவுகிறது என்று கண்டுபிடித்த கதையைச் சொல்கிறேன். அதில் ஈடுபட்டவர்கள் ஒருவர்மேல் ஒருவர் திருட்டுப் பட்டம் கட்டினார்கள், புத்தகம் அச்சடித்துத் திட்டினார்கள், வக்கீல் வைத்தார்கள். ஆளுக்குக் கால்பங்கு உண்மையும் முக்கால்பங்கு தப்பும் கையில் வைத்திருந்தார்கள். எல்லாத் துறைக்கும் ஒழுங்காக வந்து போன ஒரே உறுப்பினர் கொசு.

கொசு மாட்டிக்கொள்வதற்கு முன்னால் குற்றவாளி காற்று. சதுப்பு நிலத்திலிருந்து கெட்ட ஆவி கிளம்பி மூக்கு வழியாக உள்ளே போகிறது என்று நூற்றாண்டுக் கணக்கில் நம்பினார்கள். வைத்தியமும் அதற்கேற்றபடி இருந்தது. ரோமுக்கு வெளியே திரே ஃபொந்தானே மடத்துத் துறவிகள் 1870களில் யூகலிப்டஸ் மரங்களை வளைத்து வளைத்து நட்டார்கள். தைல வாசனை காற்றைக் கழுவிவிடும் என்பது கணக்கு. கையோடு அந்த இலையில் ஒரு மதுவும் வடித்தார்கள். காற்று என்ன ஆனதோ, மது இன்றும் விற்பனையில் இருக்கிறது.

1879இல் கிளெப்ஸ் என்ற ஜெர்மானியரும் தொம்மாஸி-குருதேலி என்ற இத்தாலியரும் ரோம் வட்டாரத்துச் சதுப்பு மண்ணைக் கிளறி, மலேரியாவை உண்டாக்கும் பாக்டீரியா இதுதான் என்று ஒன்றைப் பிடித்துக் காட்டினார்கள். மண்ணும் மருத்துவமும் கைகோத்த அருமையான கூட்டாய்வு. ஒரே குறை, அந்தக் கிருமிக்கும் மலேரியாவுக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை.

அமெரிக்காவில் ஆல்பர்ட் ஃப்ரீமன் ஆப்பிரிக்கானஸ் கிங் என்று ஒரு பிரசவ மருத்துவர் இருந்தார். ஆபிரகாம் லிங்கனைச் சுட்ட இரவு அதே நாடகக் கொட்டகையில் பார்வையாளராக இருந்து, ஓடிப்போய் உதவி செய்தவர்களில் ஒருவர். 1882இல் மலேரியாவுக்குக் கொசுதான் காரணம் என்று 19 காரணங்களை அடுக்கினார். சரி, பரவாயில்லையே என்று நிமிர்ந்து உட்கார்ந்தால், அடுத்து அவர் சொன்ன வழி: வாஷிங்டன் நினைவுத்தூண் உயரத்துக்கு வலை கட்டி நகரம் முழுவதையும் மூடிவிடலாம். அப்போது அந்தத் தூணையே கட்டி முடித்திருக்கவில்லை. ஒரு நகரத்துக்கே கொசுவலை கேட்ட ஆளை யாரும் பொருட்படுத்தவில்லை. வலையோடு சேர்த்து 19 காரணங்களையும் சுருட்டிப் பரண்மேல் போட்டுவிட்டார்கள்.

இதற்கிடையில் அல்ஜீரியாவின் கான்ஸ்டன்டைன் நகரத்து ராணுவ மருத்துவமனையில் அல்ஃபோன்ஸ் லவெரான் என்ற பிரெஞ்சுக்காரர் 1880 நவம்பர் 6 அன்று ஒரு சிப்பாயின் ரத்தத்தை நுண்ணோக்கியில் பார்த்தார். ஓர் உருண்டையிலிருந்து சாட்டை சாட்டையாக எதுவோ கிளம்பித் துள்ளிக்கொண்டிருந்தது. உயிருள்ள ஒட்டுண்ணி! பிறகு ரோமுக்குப் போய் இத்தாலியர்களிடம் காட்டினார். அவர்கள் தங்கள் சொந்த பாக்டீரியாவின் மேல் உயிரையே வைத்திருந்தார்கள். இது ஏதோ சிதைந்த ரத்தத் துணுக்கு என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். சில ஆண்டுகள் கழித்து ஒப்புக்கொண்டார்கள். அதன்பிறகு அந்த ஒட்டுண்ணியைப் பற்றி அவர்கள் பேசிய பேச்சைக் கேட்டால், லவெரான்தான் ரோமுக்கு வந்து கற்றுக்கொண்டு போனார் என்று தோன்றும்.

ஒட்டுண்ணி ரத்தத்தில் இருக்கிறது, சரி. ஒருவர் ரத்தத்திலிருந்து அடுத்தவர் ரத்தத்துக்கு எப்படிப் போகிறது? இங்கேதான் பேட்ரிக் மேன்சன் வருகிறார்.

மேன்சன் ஸ்காட்லாந்துக்காரர். சீனாவில் அமோய் துறைமுகத்தில் சுங்க இலாகா மருத்துவர். 1877இல் யானைக்கால் புழுவின் குஞ்சுகள் கொசுவின் வயிற்றுக்குள் வளர்கின்றன என்று கண்டுபிடித்தார். செய்த முறை எளிமையானது. தன் தோட்டக்காரர் ஹின்லோவின் ரத்தத்தில் அந்தப் புழு இருந்தது. அவரை ஓர் அறையில் படுக்கவைத்து, விளக்கேற்றி, கதவைத் திறந்துவைத்து, கொசுக்களை உள்ளே வரவிட்டுப் பிறகு கதவை மூடினார். காலையில் சுவரில் அப்பிக்கிடந்த கொசுக்களைப் பிடித்து அறுத்தார். ஆய்வு நெறிக் குழு என்ற ஒன்று அப்போது பிறக்கவில்லை. பிறந்திருந்தால் அன்றே செத்திருக்கும்.

ஆனால் கொசுவைப் பற்றி மேன்சனுக்குத் தெரிந்தது மிகக் கொஞ்சம். அது வாழ்நாளில் ஒருமுறைதான் கடிக்கும், பிறகு தண்ணீரில் முட்டையிட்டுவிட்டு அங்கேயே உயிரை விட்டுவிடும் என்று நினைத்தார். அப்படியானால் புழு மறுபடி மனிதனுக்குள் எப்படிப் போகும்? செத்த கொசு ஊறிய தண்ணீரைக் குடிப்பதால்! ஒரே இரவில் ஒரே கொசு நான்குமுறை கடிப்பதை நம் ஊர்க் கைக்குழந்தைகூட அறியும். பக்கத்து ஊர்ப் பூச்சியியலாளர் ஒருவரைக் கேட்டிருந்தால் சொல்லியிருப்பார். கேட்கவில்லை. லண்டன் திரும்பியதும் 'கொசு மேன்சன்' என்று கேலிசெய்தார்கள். அவர் அசரவில்லை. 1894இல், மலேரியாவும் இதே வழிதான், கொசுவுக்குள்தான் இருக்கிறது என்று எழுதினார். கொசு உண்டு என்பதில் சரி, மீதி எல்லாவற்றிலும் தப்பு.

அந்த ஆண்டு அவரைத் தேடி வந்தார் ரொனால்ட் ராஸ்.

ராஸ் பிறந்தது அல்மோராவில், 1857 மே 13 அன்று, மீரட்டில் சிப்பாய்கள் துப்பாக்கியைத் திருப்பிய மூன்றாம் நாள். ஊரே எரிந்துகொண்டிருந்தபோது பிறந்ததாலோ என்னவோ, கடைசிவரை சண்டை ஓயவில்லை. பத்துப் பிள்ளைகளில் மூத்தவர். அப்பா ராணுவத் தளபதி. பையனுக்குக் கவிதை, ஓவியம், சங்கீதம், கணக்கு எல்லாம் பிடித்தன; மருத்துவம் மட்டும் பிடிக்கவில்லை. ஆகவே அப்பா மருத்துவம் படிக்கவைத்தார். இந்த வகை அப்பாக்களுக்கு நாடு, மொழி, நூற்றாண்டு எதுவும் கிடையாது. தட்டுத்தடுமாறித் தேறி, 1881இல் இந்திய மருத்துவப் பணியில் சேர்ந்து மதராஸ் மாகாணத்துக்கு வந்து சேர்ந்தார். வேலை குறைவு. நாவல் எழுதினார், கவிதை எழுதினார், கணக்குப் போட்டார், கோல்ஃப் ஆடினார்.

பெங்களூரில் இருந்தபோது பங்களாவில் கொசுத் தொல்லை. சன்னலுக்கு வெளியே இருந்த தண்ணீர்த் தொட்டியில் புழு நெளிவதைப் பார்த்துக் கவிழ்த்துக் கொட்டினார். கொசு குறைந்தது. மற்றத் தொட்டிகளையும் இப்படியே செய்யலாமே என்று படைப்பிரிவு அதிகாரியிடம் சொன்னால், அவர் மறுத்துவிட்டார். கொசுவும் ஏதோ காரணத்தோடு படைக்கப்பட்டதுதானே, இயற்கையின் ஒழுங்கில் நாம் கை வைக்கலாமா என்பது அவர் கட்சி. சூழலியல் என்ற படிப்பு கல்லூரிகளுக்கு வருமுன்பே ராணுவத்தில் ஒரு சூழலியலாளர் இருந்திருக்கிறார்.

லவெரானின் ஒட்டுண்ணியை ராஸ் நம்பவில்லை. மலேரியா என்பது குடல் சம்பந்தப்பட்ட கோளாறு என்று கட்டுரைகளே எழுதியிருந்தார். மேன்சன் அவரைக் கூட்டிப்போய் நுண்ணோக்கியில் கண்ணை வைக்கச் சொன்னார். பார்த்தார், மதம் மாறினார். புதிதாக மதம் மாறியவர்களுக்கே உரிய வெறியோடு 1895இல் இந்தியாவுக்குக் கப்பலேறினார்.

இனி நான்கு ஆண்டுகளுக்குக் கடிதப் போக்குவரத்து. நூற்றுக்கு மேற்பட்ட கடிதங்கள். லண்டனில் உட்கார்ந்தபடி மேன்சன் யோசனை சொல்வார். செகந்திராபாத் வெயிலில் ராஸ் செய்து பார்ப்பார். ஆராய்ச்சி வழிகாட்டிக்கும் மாணவருக்கும் இடையில் ஏழு கடல் இருந்தால் உறவு நன்றாக இருக்கும் என்பதற்கு இந்த நான்கு ஆண்டுகளே சாட்சி. இருவரும் ஒரே நாட்டுக்கு வந்து சேர்ந்ததும் என்ன ஆயிற்று என்பதைப் பின்னால் பார்ப்போம்.

மேன்சனின் தண்ணீர்க் கொள்கைப்படி, நோயாளியைக் கடித்த கொசுக்களைத் தண்ணீரில் சாகவிட்டு, அந்தத் தண்ணீரைக் காசு கொடுத்து ஆரோக்கியமான ஆட்களுக்குக் குடிக்கக் கொடுத்தார் ராஸ். முதலில் குடித்தவருக்குச் சில நாளில் லேசாகக் காய்ச்சல் வந்தது. ராஸுக்குத் தலைகால் புரியவில்லை. அடுத்தடுத்துக் குடித்தவர்கள் கல்லுக்குண்டாக இருந்தார்கள். கொசுத் தீர்த்தம் ஊற்றியதுதான் மிச்சம்.

இரண்டாவது சிக்கல், எந்தக் கொசு? பூச்சியியல் படிக்காத ராஸுக்குக் கொசுக்கள் மூன்று வகை: சாம்பல் கொசு, வரிக் கொசு, பழுப்புக் கொசு. ஜவுளிக்கடையில் சேலை பிரிப்பதுபோல் நிறம் பார்த்துப் பிரித்தார். சாம்பலையும் வரியையும் மாதக்கணக்கில் அறுத்துத் தள்ளினார். நாம் இன்று கியூலெக்ஸ், ஏடிஸ் என்று சொல்லும் கூட்டம் அது. மனித மலேரியாவுக்கும் அவற்றுக்கும் சம்பந்தமே இல்லை. ஆயிரம் நிரபராதிகளைக் கழுவேற்றிய பிறகும் குற்றவாளி சன்னலில் உட்கார்ந்து வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தது.

நடுவில் விடுமுறை கிடைத்து உதகை பக்கம் போனார். சாதாரணமாக அங்கே போகிறவர்கள் ரோஜாத் தோட்டம் பார்ப்பார்கள்; இவர் மலேரியா பார்க்கச் சீகூர் மலைப்பாதையில் இறங்கினார். தினமும் கொயினா முழுங்கினார். அப்படியும் மலேரியா அவரைப் பிடித்துவிட்டது. இதே நீலகிரியில் நடுவட்டத்துச் சரிவுகளில் கொயினாவுக்கென்றே சிங்கோனா மரம் வளர்த்துக்கொண்டிருந்தது சர்க்கார். மருந்து விளைகிற மலையிலேயே காய்ச்சலை வாங்கிக்கொண்டு திரும்பிய பெருமை அவருக்கு உண்டு.

1897 ஆகஸ்ட். செகந்திராபாத், பேகம்பேட் மருத்துவமனை. புழுவிலிருந்து வளர்த்த கொசுக்களில் இதுவரை பார்க்காத ஒரு வகை இருந்தது. இறக்கையில் புள்ளி வைத்த கொசு. ஹுசைன் கான் என்ற மலேரியா நோயாளியைக் கொசுவலைக்குள் படுக்கவைத்து அவற்றை அவிழ்த்துவிட்டார்கள். கூலி, ஒரு கடிக்கு ஓரணா. எட்டுக் கொசு வயிறு நிறையக் குடித்தது, எட்டணா.

இந்த ஹுசைன் கானைக் கொஞ்சம் நிறுத்திப் பார்க்க வேண்டும். உலக அறிவியல் வரலாற்றில் இவ்வளவு துல்லியமான ஊதியக் கொள்கை வேறு எங்கும் இல்லை. கருத்தரங்கு கிடையாது, முன்மொழிவு கிடையாது, காலாண்டு அறிக்கை கிடையாது. கடித்தால் காசு. செய்த வேலைக்கு அன்றைக்கே கூலி வாங்கிய ஒரே ஆய்வாளர் இந்தக் கதையில் அவர்தான். ஆசிரியர் பட்டியலில் மட்டும் பெயர் விட்டுப்போயிற்று.

கொசுக்களை ஒவ்வொன்றாக அறுக்க ஆரம்பித்தார் ராஸ். பங்கா போட முடியாது. காற்றில் அறுத்த கொசு பறந்துவிடும். வேர்வை சொட்டி நுண்ணோக்கியின் திருகாணிகள் துருப்பிடித்துவிட்டன. மிச்சமிருந்த கண்வில்லையில் விரிசல். கண்ணைச் சுற்றி ஈக்கள். ஆகஸ்ட் 20 அன்று, கையிருப்பு தீரப்போகும் நேரத்தில், கொசுவின் இரைப்பைச் சுவரில் கறுப்புத் துகள்கள் உள்ள வட்ட உயிரணுக்கள் தெரிந்தன. அந்தக் கறுப்பு, மலேரியா ஒட்டுண்ணிக்கே உரிய கறுப்பு. மறுநாள் அடுத்த கொசுவை அறுத்தால் அதே உயிரணு, இன்னும் பெரிதாக. வளர்கிறது! மாபெரும் கண்டுபிடிப்பு நிகழ்ந்ததும் ஒரு விஞ்ஞானி என்ன செய்வார்? ராஸ் கவிதை எழுதினார். தப்பென்று சொல்ல மாட்டேன். கட்டுரையையும் அந்த டிசம்பரில் பிரிட்டிஷ் மருத்துவ இதழில் வெளியிட்டுவிட்டார்.

இப்படி ஒரு ஆள் கிடைத்தால் அரசாங்கம் என்ன செய்யும்? மாற்றல் கொடுக்கும். செப்டம்பரில் ராஜபுதனத்துக் கேர்வாராவுக்குப் போ என்று தந்தி வந்தது. மலேரியா ஆராய்ச்சிக்கு மலேரியாவே இல்லாத ஊர். கோப்பில் கையெழுத்துப் போட்டவருக்குக் கொசுமேல் ஏதோ அனுதாபம் இருந்திருக்க வேண்டும். மேன்சன் லண்டனில் இருந்தபடி நச்சரித்து நச்சரித்து, 1898 பிப்ரவரியில் கல்கத்தாவில் தனிப் பணியென்று ஒன்றை வாங்கிக் கொடுத்தார்.

கல்கத்தாவில் புதுத் தொல்லை. பிளேக் தடுப்பூசி பற்றி ஊரெல்லாம் பீதி. வெள்ளைக்கார டாக்டர் விரலில் ஊசி குத்த வருகிறார் என்றால், அணா கொடுத்தாலும் ஆட்கள் தெறித்து ஓடினார்கள். சுகாதாரத் துறை பரப்பிய பயத்தில் ஆராய்ச்சித் துறை படுத்துவிட்டது. மனிதர்கள் கிடைக்காததால் ராஸ் பறவைகளுக்குத் தாவினார். குருவிக்கும் வானம்பாடிக்கும் காக்கைக்கும்கூட மலேரியா உண்டு. அவற்றுக்கு வதந்தி எட்டாது. எட்டினாலும் கூண்டு பூட்டியிருந்தது. முகமது பக்ஸ் என்ற உதவியாளர் குருவியும் கொசுவும் பிடித்துக் கொடுத்தார். கிஷோரி மோகன் பந்தோபாத்யாய் என்ற இன்னோர் இளைஞரும் கூட நின்றார். அவருக்காவது பின்னால் ஒரு தங்கப் பதக்கம் கிடைத்தது.

பழைய நிரபராதி, அந்தச் சாம்பல் கொசு, பறவை விஷயத்தில் குற்றவாளியாகிவிட்டது என்பது இதில் வேடிக்கை. ராஸ் அதன் இரைப்பையில் தொடங்கி ஒட்டுண்ணியைப் பின்தொடர்ந்து போனார். 1898 ஜூலையில் தலைக்கும் மார்புக்கும் நடுவே ஒரு சுரப்பியில் நூல்நூலாகக் குவிந்திருந்தது. அது உமிழ்நீர்ச் சுரப்பி. அதாவது, காரணம் தண்ணீர் இல்லை. கொசு கடிக்கும்போதே நோயைத் துப்பிவிட்டுப் போகிறது. இருபது வருடம் செத்த கொசுவின் தண்ணீரைப் பிடித்துக்கொண்டு தொங்கிய மேன்சன், இந்தச் சேதியை எடின்பரோ மருத்துவ மாநாட்டில் எழுந்து அறிவித்தார். கைதட்டல் கூரையைப் பிளந்தது. தன் கொள்கையின் சாவு அறிவிப்பைத் தானே இவ்வளவு சந்தோஷமாக வாசித்த விஞ்ஞானி அபூர்வம். இந்த ஓர் இடத்தில் மட்டும் மேன்சனைக் கிண்டல் செய்ய மனம் வரவில்லை.

இப்போது இத்தாலி. ஜொவான்னி பத்திஸ்தா கிராஸி டாக்டருக்குப் படித்தவர், ஆனால் தொழிலால் விலங்கியலாளர். கறையானும் விலாங்கு மீனும் அவர் கைக்குத் தப்பியதில்லை. லண்டன் ராயல் சொசைட்டியின் டார்வின் பதக்கமே வாங்கியவர். அவர் செய்தது, ராஸும் மேன்சனும் முதல் நாளே செய்திருக்க வேண்டிய வேலை. மலேரியா உள்ள ஊரில் எந்தக் கொசு இருக்கிறது, இல்லாத ஊரில் எந்தக் கொசு இருக்கிறது என்று ஊர் ஊராகப் போய்ப் பட்டியல் போட்டார். மிஞ்சியது அனாஃபிலிஸ். மருத்துவர்கள் பிஞாமியும் பஸ்தியானெல்லியும் சேர்ந்துகொண்டார்கள். ரோமின் சாந்தோ ஸ்பிரித்தோ மருத்துவமனையில் வேறு நோய்க்காகத் தங்கியிருந்த அபேலே சோலா என்பவர் சம்மதித்துப் படுத்தார். கொசு கடித்தது. 1898 நவம்பர் தொடக்கத்தில் அவருக்குக் குளிரும் காய்ச்சலும் வந்தன. மருத்துவர்கள் துள்ளிக் குதித்தார்கள். கொயினா கொடுத்துக் குணப்படுத்தினார்கள் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

ராஸிடம் பறவைக்கு முழு வட்டமும் இருந்தது, மனிதனுக்குப் பாதி. கிராஸியிடம் மனிதனுக்கு முழு வட்டமும் இருந்தது, ஆனால் ராஸின் கட்டுரைகளைப் படித்த பிறகு. இருவரும் சேர்ந்து ஒரு காப்பி சாப்பிட்டிருந்தால் கதை முடிந்திருக்கும். நடந்தது வேறு. இத்தாலியர்கள் என் கண்டுபிடிப்பைத் திருடிவிட்டார்கள் என்று ராஸ் கிளம்பினார். உமக்குக் கொசுவின் பெயரே தெரியாது, புள்ளி இறக்கை என்பதெல்லாம் ஒரு பெயரா என்று கிராஸி தரப்பு கேட்டது. இரண்டு தரப்பு சொன்னதிலும் உண்மை இருந்ததுதான் சண்டை நீடித்ததற்குக் காரணம். ரோமில் இருந்த ஆங்கில மருத்துவர் ஒருவர் இத்தாலியர்களின் ஆய்வு எதுவரை வந்திருக்கிறது என்று ராஸுக்குக் கடிதம் எழுதிக்கொண்டிருந்தார். அந்தக் கடிதங்களை ராஸ் 1900இல் அச்சுப்போட்டே வெளியிட்டார். ஜெர்மனியின் நுண்ணுயிரியலாளர் ராபர்ட் காக் இதற்குள் ரோமுக்கு வந்து, கிராஸியோடு முட்டிக்கொண்டு போயிருந்தார். பின்னாளில் நோபல் பரிசு விவாதத்தில் பரிசை ராஸுக்கும் கிராஸிக்கும் பிரித்துக் கொடுக்கலாமா என்ற பேச்சு வந்தபோது, காக் தன் முழு எடையோடு ராஸ் பக்கம் உட்கார்ந்தார் என்பார்கள்.

1902இல் மருத்துவ நோபல் ராஸுக்கு மட்டும். தொகை ஏறக்குறைய 7,800 பவுண்டு. அன்றைய மாற்றில் பவுண்டுக்கு 15 ரூபாய், ரூபாய்க்கு 16 அணா. கடிக்கு ஓரணா என்ற ஹுசைன் கான் விகிதத்தில், 18 லட்சத்துச் சொச்சம் கடி. லவெரானுக்கு 1907இல் கிடைத்தது. கிராஸிக்குக் கடைசிவரை கிடைக்கவில்லை. மேன்சனுக்கும் இல்லை.

பரிசுக்கு முன்பு, நம்பாதவர்களும் மிச்சம் இருந்தார்கள். அவர்களுக்காக 1900இல் இரண்டு பெரிய நாடகங்கள் நடந்தன. கிராஸி, தெற்கு இத்தாலியின் கபாச்சோ சமவெளியில் 112 பேரை அந்தி முதல் விடியும்வரை கம்பிவலைக்குள் வைத்துப் பாதுகாத்தார். மலேரியா வந்தது 5 பேருக்கு. பாதுகாப்பில்லாத 415 பேருக்கும் வந்தது. பழைய வாஷிங்டன் டாக்டர் இதைக் கேட்டுச் சிரித்திருப்பார்; வலைதான் தீர்வு, அளவில்தான் கொஞ்சம் தாராளமாக இருந்துவிட்டார்.

மேன்சன், ரோமுக்குப் பக்கத்தில் ஓஸ்தியா அருகே ஒரு மரக்குடிசை போட்டு வலை அடித்தார். அதில் சாம்பன், லோ என்ற இரண்டு மருத்துவர்களும் தெர்ஸி என்ற ஓவியரும் குடியேறினார்கள். கொசுவைத் தத்ரூபமாக வரைவதற்கு ஓர் ஆள் வேண்டுமே! பகலில் மற்றவர்களோடு சேர்ந்து அதே கெட்ட காற்றை மூச்சுமுட்ட உள்ளே இழுப்பார்கள். சூரியன் சாயும் நேரத்தில் குடிசைக்குள் போய்க் கதவைச் சாத்திவிடுவார்கள். காய்ச்சல் பருவம் முழுவதும் மூவருக்கும் ஒன்றும் ஆகவில்லை. நாடகத்தின் இரண்டாம் காட்சி லண்டனில். ரோமில் மலேரியா நோயாளியைக் கடித்த கொசுக்கள் கூண்டில் ஏறி இங்கிலாந்துக்கு வந்தன. மலேரியாவே இல்லாத லண்டனில், அவற்றுக்குக் கையை நீட்டியவர் மேன்சனின் சொந்த மகன், மருத்துவ மாணவர். காய்ச்சல் முறைப்படி வந்தது. அப்பாவுக்குக் கொள்கை நிரூபணமான ஆனந்தம். அம்மா என்ன சொன்னார் என்று எந்த ஆய்விதழும் பதிவு செய்யவில்லை.

இவ்வளவும் ஆன பிறகு, ராஸுக்கும் மேன்சனுக்கும் இடையிலாவது நட்பு நிலைத்ததா? லிவர்ப்பூல் வெப்பமண்டல மருத்துவப் பள்ளியில் ராஸ் சேர்ந்தார். சம்பளம் போதாது, மரியாதை போதாது, அரசாங்கம் ஒரு பரிசும் தரவில்லை என்று ஓயாமல் மனுப் போட்டார். மேன்சன் யாருக்கோ எழுதிக்கொடுத்த ஒரு சிபாரிசுக் கடிதத்தில் தன்னைக் குத்திக்காட்டிவிட்டார் என்று 1912இல் அவதூறு வழக்கு என்று கிளம்பினார். தன் வாழ்க்கையையே திருப்பிவிட்ட மனிதர்மேல்! மேன்சன் மன்னிப்புக் கேட்டு ஆளை ஓயவைத்தார். கீல்வாதக்காரருக்குக் கோர்ட்டுப் படி ஏறுவதைவிட மன்னிப்பு சுலபம்.

இந்தச் சண்டைக்கோழி செய்த இன்னொரு காரியத்தைப் பற்றி அன்று அதிகம் பேர் கவலைப்படவில்லை. ஒரு கொசு விடாமல் கொன்றால்தான் மலேரியா போகும் என்று எதிரிகள் சொன்னார்கள். லாகூருக்குப் பக்கத்தில் மியான் மீர் பாசறையில் கொசு ஒழிப்பு முயற்சி தோற்றதைக் காட்டிக்காட்டிச் சிரித்தார்கள். ராஸ் பழைய கணக்கு நோட்டை எடுத்தார். கொசு எண்ணிக்கை ஒரு குறிப்பிட்ட அளவுக்குக் கீழே போனாலே போதும், நோய் தானாக அடங்கிவிடும் என்று 1911 வாக்கில் சமன்பாடு போட்டுக் காட்டினார். மருத்துவர்களுக்குச் சமன்பாடு புரியவில்லை. கணக்கர்களுக்குக் கொசு புரியவில்லை. ஹில்டா ஹட்சன் என்ற கணிதவியலாளர் மட்டும் உட்கார்ந்து அவரோடு சேர்ந்து கட்டுரைகள் எழுதினார்.

1901இல் ராஸோடு சியரா லியோனுக்குப் போன இளம் மருத்துவர் ஒருவர், மெக்கென்ட்ரிக். ராஸ் அவருக்குக் கணக்குப் பித்தைத் தொற்றவைத்தார். பிறகு அவர் இந்தியாவில் கசௌலி வரைக்கும் வந்து வேலை பார்த்துவிட்டு எடின்பரோ போனார். அங்கே கெர்மக் என்ற வேதியியலாளர். 1924இல் ஆய்வக வெடிப்பில் இரண்டு கண்ணும் போனவர். இனி மனத்துக்குள்ளேயே செய்யக்கூடிய வேலை வேண்டும் என்று கணக்குக்குத் திரும்பினார். கண் தெரியாத வேதியியலாளரும் கணக்குப் பைத்தியம் பிடித்த மருத்துவரும் சேர்ந்து 1927இல் தொற்றுநோய் எப்படி ஏறி இறங்கும் என்று ஒரு கோட்பாடு எழுதினார்கள். கோவிட் காலத்தில் தொலைக்காட்சியில் ஒரு வளைகோட்டைக் காட்டி, அதைத் தட்டையாக்குங்கள் என்று நம்மை வீட்டுக்குள் பூட்டினார்களே, அதன் கொள்ளுத் தாத்தா இவர்கள்தாம். கொள்ளுத் தாத்தாவுக்கும் அப்பா ஒருவர் உண்டு. அவர் கல்கத்தாவில் குருவிக்கு வலை கட்டிக்கொண்டிருந்தார்.

வயதான காலத்தில் ராஸுக்குப் பணமுடை. 1928இல், மேன்சன் எழுதிய கடிதங்கள் உட்படத் தன் காகிதங்கள் அத்தனையையும் விற்பனைக்கு என்று விளம்பரம் செய்தார். ஹூஸ்டன் சீமாட்டி என்ற பணக்காரர் 2,000 பவுண்டுக்கு வாங்கி, பிரிட்டிஷ் மியூசியத்துக்குக் கொடுக்க முன்வந்தார். மியூசியம் வேண்டாம் என்றுவிட்டது. அலைந்து திரிந்து அவற்றில் ஒரு பங்கு கிளாஸ்கோவுக்குப் போய்ச் சேர்ந்தது. இன்னொரு பங்கு இருப்பது லண்டன் சுகாதார, வெப்பமண்டல மருத்துவக் கல்லூரியில். அதை ஆரம்பித்தவர் மேன்சன். ராஸ் பெயரில் தனியாக நடந்த ஆய்வு நிறுவனத்தையும் 1934இல் இதே கல்லூரியோடு சேர்த்துவிட்டார்கள். அதற்கு இரண்டு ஆண்டு முன்பே ராஸ் காலமாகிவிட்டதால் வக்கீல் நோட்டீஸ் ஏதும் வரவில்லை.

அந்தக் கல்லூரிக் கட்டடத்தின் மாடிக் கம்பிகளில் நோய் பரப்பும் பூச்சிகளை வெண்கலத்தில் வார்த்துத் தங்க முலாம் பூசி ஒட்டியிருக்கிறார்கள். கொசுவும் இருக்கிறது, நல்ல இடத்தில், தெருவைப் பார்த்தபடி. ஹுசைன் கானின் எட்டணாவுக்கு மட்டும் இன்னும் யாரும் ரசீது வைக்கவில்லை.